சதுப்பைத் தாங்கும் மணல்மேட்டுக்கு ஒரு சட்டம் வேண்டும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தென்கோடியில், ஃபுளோரிடா எல்லையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது ஓக்கெஃபெனோக்கி சதுப்புநிலம். பரப்பு சுமார் 1,770 சதுர கிலோமீட்டர். இதன் பெரும்பகுதி 1937 முதல் தேசிய வனவிலங்குப் புகலிடம். அதன் எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் திறந்தவெளிச் சுரங்கம் அமைத்து டைட்டானியக் கனிமம் எடுக்க, 'ட்வின் பைன்ஸ் மினரல்ஸ்' நிறுவனம் 2019இல் அனுமதி கேட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2025 ஜூனில் 'தி கன்சர்வேஷன் ஃபண்ட்' என்ற தொண்டு அமைப்பு அந்த நிறுவனத்தின் ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்தைச் சுமார் 6 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சுரங்கத் திட்டம் நின்றது, ஆபத்து நீங்கவில்லை. கனிமம் கிடக்கும் மணல்மேடு 160 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அதில் வேறு பலருக்கும் நிலம் இருக்கிறது.

மணலில் என்ன இருக்கிறது?

டிரெயில் ரிட்ஜ் எனப்படும் அந்த மேடு, பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு கடலோரத்தில் குவிந்த மணல். ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைக் குவார்ட்ஸ். நடுநடுவே கறுப்புப் பொடிகள். இல்மனைட், ரூட்டைல், சிர்கான் என நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் எடுக்கப்படும் அதே கன கனிமங்கள்தான். பெயின்ட், காகிதம், பற்பசைக்கு வெண்மை தரும் டைட்டானியம் டைஆக்சைடு இவற்றில் முதல் இரண்டிலிருந்து கிடைக்கிறது.

மொத்த மணலில் கனிமத்தின் பங்கு மிகச் சிறிது. அதைப் பிரித்தெடுக்க 50 அடி ஆழம்வரை எல்லா மணலையும் தோண்டிச் சலித்து, மீதியைக் குழியிலேயே நிரப்ப வேண்டும். எடுத்த மணலில் பெரும்பகுதி திரும்பப் போய்விடுகிறதே என்று தோன்றலாம். ஏரிக்கரையை வெட்டியெடுத்து, அதே மண்ணைத் தளர்வாகக் கொட்டினால் கரை நிற்குமா? டிரெயில் ரிட்ஜும் சதுப்பின் கிழக்குக் கரைதான். அதன் மணலுக்கு நடுவே, மட்கிய தாவரப் பொருள் பிசின்போல் இறுகிய கரிய அடுக்குகள் உண்டு. நீரைத் தடுத்து மெல்ல நகரவிடுபவை அவை. மழைநீர் மேட்டுக்குள் தேங்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்திவைப்பதால்தான் சதுப்பு நீர் கிழக்கே வடிந்துவிடாமல் நிற்கிறது. சலித்துக் கலந்து கொட்டிய மணலில் அந்த அடுக்குகள் மீண்டும் உருவாகப் போவதில்லை.

இந்த மேட்டின் வலிமையை 1890களில் ஒரு கம்பெனி நேரடியாகச் சோதித்தது. மாநில அரசே விற்ற சதுப்பை வாங்கி, மேட்டைக் குடைந்து நீரை செயின்ட் மேரிஸ் ஆற்றுக்கு வடித்துவிட்டு விவசாயம் செய்ய நினைத்தது. வெட்ட வெட்ட மணல் சரிந்து விழுந்தது. சில ஆண்டுகளில் கால்வாயைக் கைவிட்டார்கள். சதுப்பு தப்பியது.

சில அங்குலம் குறைந்தால்

ஓக்கெஃபெனோக்கியின் நீர் ஆழம் பல இடங்களில் இரண்டு மூன்று அடிதான். அடியில் பதினைந்து அடி கனம்வரை பீட் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்குள் முழுதாக மட்காமல் படிந்த செடிகொடிகள் அவை. அடியில் உருவாகும் வாயு சில நேரம் பீட்டைத் திட்டாக மேலே தூக்கிவிடும். அதன்மீது புல் முளைக்கும், புதர் வரும், கடைசியில் சைப்ரஸ் மரமும் வேர்விடும். அந்தத் திட்டில் கால் வைத்தால் சில அடி தள்ளி நிற்கும் செடியும் ஆடும்.

நனைந்திருக்கும்வரை பீட் கரிமத்தின் கிடங்கு, காய்ந்தால் எரிபொருள். 2011இல் மின்னலால் பற்றிய தீ 3 லட்சம் ஏக்கருக்கும் மேல் எரித்து, அடுத்த ஆண்டுதான் முழுதாக அணைந்தது. இங்கே வரும் நீரில் பெரும்பங்கு மழை. போவதில் பெரும்பங்கு ஆவி. அதனால் சுரங்கம் இழுக்கும் நீர் ஆண்டுச் சராசரியில் அற்பமாகத் தெரியும். மழை பொய்க்கும் மாதங்களில் அதுவே உயிர்நாடியில் கைவைப்பதாகும். சதுப்பின் தென்கிழக்குப் பகுதியில் கடும் வறட்சி மும்மடங்கு அதிகமாகலாம் என்று ஜார்ஜியா பல்கலைக்கழக நீரியலாளர் ரெட் ஜாக்சன் எச்சரித்தார். ஆயினும் மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2024 பிப்ரவரியில் வரைவு அனுமதி வெளியிட்டது.

ஏன் மாநிலச் சட்டம்?

2020இல் மத்திய அரசு நீர்நிலைக்கான வரையறையைச் சுருக்கியது. சுரங்கம் கேட்ட இடத்தில் இருந்த ஈரநிலங்கள் பாதுகாப்பை இழந்தன. அந்த விதியை ஒரு நீதிமன்றம் ரத்து செய்த பிறகும் நிலைமை முழுதாக மாறவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம், தரைக்கு மேலே தொடர்ச்சியாக நீர்த்தொடர்பு உள்ள ஈரநிலங்களுக்கே மத்தியச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. டிரெயில் ரிட்ஜில் மேட்டையும் சதுப்பையும் இணைக்கும் நீர் பெரிதும் மணலுக்குள்தான் நகர்கிறது. அறிவியலுக்குத் தெரியும் இந்தத் தொடர்பைச் சட்டம் காணவில்லை. காண வைக்கக்கூடிய இடம் இனி மாநிலச் சட்டமன்றம்தான்.

குடியரசுக் கட்சி உறுப்பினர் டார்லீன் டெய்லர் கொண்டுவந்த மசோதா, டிரெயில் ரிட்ஜில் இனிப் புதிய சுரங்க அனுமதி தரக் கூடாது என்றது. இரு கட்சியினரும் ஆதரித்தும் அது முன்னேறவில்லை. மூன்றாண்டுத் தடை மட்டும் கோரிய அடுத்த மசோதாவை 2024இல் கீழவை பெரும் ஆதரவோடு நிறைவேற்றியது; மேலவையில் அது நின்றுபோனது.

ஜார்ஜியாவுக்கு இது புதிய வேலை அல்ல. 1968இல் கெர்-மக்கீ நிறுவனம் சவானா கடலோரத்தில் பாஸ்பேட் தோண்ட விரும்பியது. உப்புச் சதுப்புகள் வீண்நிலம் அல்ல, மீனும் இறாலும் வளரும் வளநிலம் என்பதை யூஜின் ஓடம் தலைமையிலான சூழலியலாளர்கள் அதற்குள் ஆய்ந்து காட்டியிருந்தார்கள். அந்த அறிவியலைக் கையிலெடுத்த சட்டமன்ற உறுப்பினர் ரீட் ஹாரிஸ் மசோதா கொண்டுவந்தார். 1970இல் அது கடலோரச் சதுப்புப் பாதுகாப்புச் சட்டமானது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் எஞ்சியுள்ள உப்புச் சதுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்று அந்த மாநிலத்தில் இருக்கிறது.

டூபாண்ட் நிறுவனமும் 1990களில் டிரெயில் ரிட்ஜைத் தோண்ட முயன்று, எதிர்ப்பால் பின்வாங்கி, 2003இல் 16,000 ஏக்கரை நன்கொடையாகத் தந்தது. இரு முறையும் சதுப்பைக் காத்தது மக்களின் விடாப்பிடியும் பிறருடைய கொடையும். மூன்றாவது நிறுவனம் வரும்போது இன்னொரு 6 கோடி டாலர் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. புகலிடத்தின் வேலியோடு நின்றுவிடாமல், சதுப்பின் நீரைத் தாங்கும் மேடு முழுவதையும் காக்கும் சட்டத்தை ஜார்ஜியா இயற்ற வேண்டும். 1970இல் செய்ததை இன்னொரு முறை செய்தால் போதும்.