வடிகால் திருகும் அதன் இறுக்கமும்

மலேசியாவில் ‘கப்சாய்’ எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளைக் காணாத இடமே இல்லை. அதன் இயந்திர எண்ணெயைப் பலர் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்கின்றனர். பழைய எண்ணெயை வடிப்பதும் புதிய எண்ணெயை ஊற்றுவதும் எளிய வேலைகள். இயந்திரத்தின் அடியில் உள்ள வடிகால் திருகை மீண்டும் இறுக்கும்போதுதான் தவறு நேர்கிறது.

இத்தகைய வண்டியில் ஏறத்தாழ 800 மில்லிலிட்டர் எண்ணெய்தான் இருக்கும். திருகு தளர்வாக இருந்தால், வண்டியின் அதிர்வால் மேலும் கழன்று, ஓடும்போதே எண்ணெய் ஒழுகிவிடும். எண்ணெய் இன்றி உலோகத்தோடு உலோகம் உரசினால், பிஸ்டன் சூடேறி இறுகிக்கொள்ளும். ஒழுகிய எண்ணெய் பின்சக்கரத்தில் பட்டால், ஓட்டுநர் வழுக்கி விழவும் கூடும்.

இதற்கு அஞ்சித் திருகை அளவுக்கு மீறி இறுக்குவோரும் உள்ளனர். அதுவும் கேடுதான். திருகு எஃகால் ஆனது. அது பொருந்தும் இயந்திர உறை அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் எஃகைவிட மென்மையானது என்பதால், உறையின் உள்ளே இருக்கும் மரையே முதலில் சிதைகிறது. திருகை மாற்றினால் மட்டும் இது சரியாகாது. துளையைப் பெரிதாக்கிப் புதிய மரைச்சுருளைப் பொருத்த வேண்டும். அல்லது உறையையே மாற்ற வேண்டும்.

திருகு எவ்வாறு கழலாமல் பிடித்துக்கொள்கிறது? இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. இழுத்த ரப்பர் பட்டையைப் போல, பழைய நீளத்திற்குத் திரும்ப முயல்கிறது. அந்த இழுவிசையே திருகின் தலையை உறையோடு நெருக்கிப் பிடிக்கிறது. இரண்டிற்கும் இடையில் உள்ள அலுமினிய அல்லது செம்பு வாஷர் நசுங்கி, நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பிக் கசிவைத் தடுக்கிறது. ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை அவ்வளவு நன்றாகப் பொருந்தாது. எனவே, ஒவ்வொரு முறையும் புதிய வாஷரைப் போடுவதே நல்லது. அதன் விலையும் மிகக் குறைவு.

இறுக்கத்தின் அளவை முறுக்குவிசை என்பர். அதை நியூட்டன் மீட்டரில் அளப்பர். விசையைத் தூரத்தால் பெருக்கினால் இந்த அளவு கிடைக்கும். ஒரு வண்டியின் கையேட்டில் 24 நியூட்டன் மீட்டர் எனக் குறிப்பிடப்பட்டுள்ளது என்று கொள்வோம். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 120 நியூட்டன் விசை கொடுத்தால் போதும். ஏறத்தாழ 12 கிலோகிராம் பொருளைத் தூக்கும் விசை அது; ஒரு கையாலேயே கொடுத்துவிடலாம். அதே விசையை 60 சென்டிமீட்டர் குழாயை மாட்டிக் கொடுத்தால், முறுக்குவிசை 72 ஆகிவிடும். ஸ்பேனரின்மேல் காலை வைத்து மிதிப்பவரின் திருகு என்ன பாடுபடும்!

எண்ணெய் மாற்றுமுன் இயந்திரத்தை இரண்டு மூன்று நிமிடங்கள் ஓட விட்டு நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய் எளிதில் வடியும். திருகின் தலையை நேராகப் பார்க்கும் நிலையில், இடஞ்சுழியாகத் திருப்பினால் அது கழலும். மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்குத் திசை தலைகீழாகத் தோன்றும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுவோர் பலர்.

எண்ணெய் முழுவதும் வடிந்த பின்னர், திருகையும் துளையின் விளிம்பையும் துணியால் துடைக்க வேண்டும். பிறகு, திருகை விரல்களாலேயே பொருத்த வேண்டும். சில சுற்றுகள் தடையின்றிச் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே சிக்கினால், மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். உடனே கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும். கையால் முடிந்தவரை திருகிய பின்னரே, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குவிசை ஸ்பேனரைப் பயன்படுத்த வேண்டும். ‘கிளிக்’ என்ற ஒலி கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். உறுதிக்காக இன்னொரு முறை இழுப்பது கூடாது.

புதிய எண்ணெயை ஊற்றி, இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓட விட்டு, திருகைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்க்கலாம். மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் துளி ஏதும் உள்ளதா என்றும் கவனிக்க வேண்டும். பழைய எண்ணெய், மலேசியாவின் அட்டவணைக் கழிவுகள் பட்டியலில் எஸ்.டபிள்யு. 305 என்ற குறியீட்டைக் கொண்டது. அதைக் கால்வாயில் ஊற்றாமல், காலிப் புட்டியில் அடைத்து, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்கலாம்.