தாத்தாவுக்கு 1965 மட்டும் ஏன் நேற்றுப்போல் இருக்கிறது?

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் எண்பதை நெருங்கும் ஒருவரிடம் 1965 ஜனவரியில் வெடித்த இந்தி எதிர்ப்பு மொழிப் போராட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். போன பௌர்ணமிக்கு என்ன சாப்பிட்டார் என்பது மறந்திருக்கும். அந்த ஜனவரி மறந்திருக்காது. ஏன்?

அப்போது அவருக்குப் பதினேழு வயது. விடை அதில்தான் இருக்கிறது.

சிமென்ட் தரை போட்ட அன்றைக்குக் கோழி நடந்தால் தடம் நின்றுவிடும். மறுவாரம் மாடே நடந்தாலும் தெரியாது. பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நம் மனம் ஏறக்குறைய ஈரத் தரை. முதியவர்களின் நினைவில் இந்தப் பருவத்துச் சம்பவங்களே அதிகம் தங்குகின்றன என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

எப்படிப் பதிகிறது? ஊர்வலம், தடியடி, மூடிய கல்லூரி என எல்லாமே முதல் முறை. ஒப்பிட்டு ஒதுக்க மூளையிடம் பழையது எதுவும் இல்லை. ‘நான் யார்?’ என்று முடிவு செய்யும் வயதும் அதுவே. பிறகு நண்பர்கள் கூடும்போதெல்லாம் பேசிப் பேசியே தடம் ஆழமாகிறது.

அவருடைய அப்பாவும் அதே ஜனவரியைத்தான் பார்த்தார். ஐம்பது வயதுக்காரருக்கு அது அரிசிக் கவலைக்கு நடுவே வந்த இன்னொரு தொல்லையாக இருந்திருக்கலாம்.

அப்படியானால் அந்தத் தலைமுறை முழுதும் ஒரே மாதிரி யோசிக்குமா? இல்லை. சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928-லேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரே கொந்தளிப்பு ஒரே வயதினரை எதிரெதிர் அணிகளாகவும் பிரிக்கும். ஒருவர் தி.மு.க., பக்கத்து வீட்டுக்காரர் காங்கிரஸ். இருவரும் சண்டை போடுவது மட்டும் அதே 1965-ஐ வைத்துத்தான்!

இதில் ஒரு வேடிக்கை. 1967-இல் ஆட்சியை மாற்றிய தேர்தலில் நம் தாத்தாவுக்கு ஓட்டே இல்லை. அன்று வாக்குரிமை வயது 21.