ஓயாமல் அலறும் எந்திரம்! காது மரத்துப்போன நர்சுகள்!!

"பீப்... பீப்... பீப்..."

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு பகலாகக் கேட்கும் சத்தம் இது.

"ஐயோ! அப்பாவுக்கு என்னமோ ஆயிட்டுது!" என்று மகன் பதறுவார். நர்சோ திரையை ஒரு பார்வை பார்ப்பார். பொத்தானைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

"கல் நெஞ்சக்காரி" என்று அவரைத் திட்டாதீர்கள். அந்த நர்சின் கதையைக் கேளுங்கள்.

20 நிமிடம்

2010-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் 89 வயது முதியவர் படுத்திருந்தார். அவருடைய இதயத் துடிப்பு சுமார் 20 நிமிடம் குறைந்துகொண்டே வந்து, நின்றுவிட்டது.

படுக்கை அருகே இருந்த அபாய அலாரம் ஏற்கனவே நிறுத்தப்பட்டு இருந்தது. ஆனால் நர்சுகள் உட்காரும் இடத்தில் "பீப்" ஒலி வந்தது. அன்று காலை வேலையில் இருந்தவர்கள் 10 நர்சுகள். அதைக் கேட்டதாக ஒருவருக்குக்கூட நினைவு இல்லை!

புலி வருது!

காரணம் என்ன? நமக்குத் தெரிந்த "புலி வருது" கதைதான்.

நோயாளி புரண்டு படுத்தால் அலாரம். விரலில் மாட்டிய கிளிப் நழுவினால் அலாரம். நெஞ்சில் ஒட்டிய பட்டை காய்ந்துபோனாலும் அலாரம். இப்படிப் பொய்ப் புலி நூறு முறை வந்தால், நிஜப் புலி வரும்போது யார் ஓடுவார்கள்?

25 லட்சம்

2013-ம் ஆண்டு மார்ச் மாதம் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு கணக்கு எடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் 77 படுக்கைகள். 31 நாளில் வந்த அலாரம் 25 லட்சத்து 58 ஆயிரத்து 760! திரையில் மட்டும் தெரிந்தவையும் இதில் அடக்கம்.

காதில் விழுந்தவை மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் 187. இரண்டு நோயாளிகளைக் கவனிக்கும் நர்சு 12 மணி நேரம் வேலை பார்த்தால், 4 நிமிடத்துக்கு ஒரு அலறல்!

இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது என்று கத்திய அலாரங்களில் 12 ஆயிரத்து 671-ஐ ஆராய்ந்தார்கள். 100-க்கு 89 பொய்!

சத்தம் குறைந்தது

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. அதே பாஸ்டனில் இன்னொரு ஆஸ்பத்திரி 2012-ல் அதைச் செய்து காட்டியது.

அங்கு இதய நோயாளிகள் வார்டில், துடிப்பு 50-க்குக் கீழே போனால் கத்திய மானிட்டரை, 45-க்குக் கீழே போனால் கத்தும்படி மாற்றினார்கள். மேல் அளவு 120-ல் இருந்து 130 ஆனது. நோயாளிக்கு ஏற்றபடி இந்த அளவை மாற்றும் அதிகாரம் நர்சுகளுக்கே தரப்பட்டது. ஒருவர் மாற்றினால் இன்னொரு நர்சு சரிபார்க்க வேண்டும்.

வாரத்துக்கு சுமார் 88 ஆயிரமாக இருந்த சத்தம் 10 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. மிச்சம் இருந்த ஒலிக்கு நர்சுகள் உடனே ஓடி வந்தார்கள்.

2014-ம் ஆண்டு முதல், அலாரங்களை ஒழுங்குபடுத்துவது ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் பொறுப்பு என்று அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு விதி செய்தது.

நர்சுக்கும் இருப்பது இரண்டே காதுதான். சும்மா கத்தும் எந்திரத்தின் வாயை அடைத்தால், சாகக் கிடப்பவரின் குரல் அந்தக் காதில் விழும்.