தபால்காரர்கள் தட்டச்சு படித்த கதை

1970களில் பிரிட்டிஷ் அஞ்சல் துறைக்குப் புதிதாக ஒரு தேவை முளைத்தது. எழுத்தும் எண்ணும் கலந்த அஞ்சல் குறியீடு நாடு முழுக்க வந்துவிட்டது. கடிதங்களைப் பிரிக்க இயந்திரமும் வந்துவிட்டது. ஆனால் உறையின் மேலிருக்கும் குறியீட்டைப் பார்த்து இயந்திரத்துக்குத் தட்டிக் கொடுக்க ஆள் வேண்டுமே! தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்றுத்தர முடிவானது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு வைப்பது?

உளவியலாளர் ஆலன் பாட்லியும் லாங்மனும் 72 தபால்காரர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரு மணி நேரம் மட்டும். இன்னொன்றுக்கு ஒரு மணி நேர வகுப்பு இரண்டு. மூன்றாவதற்கு ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம். கடைசிக் குழுவுக்கு இரண்டிரண்டு மணி நேரமாக மொத்தம் நான்கு.

முடிவுகள் 1978இல் வெளியாயின. தினம் நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் 80 மணி நேரத்தில் எட்டிய திறனை, தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள் 55 மணி நேரத்திலேயே எட்டியிருந்தார்கள்.

ஆனால் பயிற்சியில் திருப்தி குறைந்தவர்களும் இந்த ஒரு மணி நேரக் குழுவினர்தான். அதில் நியாயம் இருக்கிறது. 55 மணி நேரம் என்பது அவர்களுக்கு 55 நாள். நான்கு மணி நேரக் குழுவினருக்கோ 80 மணி நேரமும் 20 நாளில் முடிந்துவிடும். சக ஊழியர்கள் முந்திக்கொண்டு போவதைப் பார்த்தபடி மெதுவாகப் பழகுவது யாருக்குப் பிடிக்கும்?

கற்பவரின் மனத்திருப்தியை வைத்துப் பாடத்தை அமைத்தால் இங்கேதான் இடறும். 'நான் கண்ணால் பார்த்தால்தான் படிப்பேன்', 'எனக்குக் காதால் கேட்டால் போதும்' என்று ஆட்களை வகை பிரிக்கும் பழக்கமும் அப்படிப்பட்டதே. பயிற்சி வகுப்புகளில் இன்றும் அதற்குத் தனிப் படிவம் கொடுக்கிறார்கள். 2008இல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இந்த நம்பிக்கைக்கான ஆதாரங்களைத் துருவிப் பார்த்தார்கள். அவரவர் வகைக்கேற்பப் பாடம் நடத்தினால் கூடுதல் பலன் உண்டு என்று சொல்லப் போதுமான சான்று கிடைக்கவில்லை. 2015இல் பெரியவர்களிடமே ஒரு சோதனை நடந்தது. ஒரே நூலைச் சிலர் ஒலிப்புத்தகமாகக் கேட்டார்கள், சிலர் திரையில் வாசித்தார்கள். அவர்கள் விரும்பிய வழிக்கும் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தெரியவில்லை.

எது பலன் தருகிறது? உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் மாணவர்களை ஒரு பத்தியைப் படிக்க வைத்தார்கள். ஒரு சாரார் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு சாரார் ஆரம்பத்தில் வாசித்துவிட்டு, பிறகு தாளை மூடிவைத்து நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் வாசித்தவர்களே முன்னணி. ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

வேலை, குழந்தை, ஷிப்ட் என்று ஓடுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேர வகுப்பு வசதியாகத் தோன்றலாம். ஆனால் அதே பாடத்தைப் பதிவு செய்து அரை மணி நேரத் துண்டுகளாகக் கொடுத்தால், இரவு சாப்பாட்டுக்குப் பிறகோ பேருந்திலோ தினமும் கொஞ்சம் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்வி, போன வாரப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டு, புத்தகத்தைத் திறக்காமல் எழுதச் சொல்லலாம். ஆரம்ப வாரங்களில் மந்தமாகத்தான் இருக்கும் என்பதையும் அதற்கான காரணத்தையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நன்றாகக் கற்றுக்கொண்டிருப்பவரே தனக்கு வராது என்று நினைத்துப் பாதியில் நின்றுவிடுவார்.