ஹெரால்டு காருக்கு ஒரு தண்ணீர் டப்பா!

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஊர்கின்றன. ஓரத்தில் ஒரு பழைய கார். பானெட் முழுவதும் முன்பக்கமாகத் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. உள்ளேயிருந்து ஆவி. தரையில் ஈரக்கோடு. கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலுடன் நிற்கும் ஓட்டுநரைச் சுற்றி, ‘இது என்ன வண்டி?’ என்று கேட்கும் சின்னக் கூட்டம். கடற்கரைச் சாலையில் அடிக்கடி போய் வருபவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

பானெட் அப்படி முழுசாக மேலே தூக்கினால், பெரும்பாலும் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத்தான் இருக்கும். அது வெளியூர் வண்டி அல்ல. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பிறந்த கார்!

வண்டலூரில் பிறந்த அழகி

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959-ல் ‘டிரையம்ப் ஹெரால்டு’ காரை அறிமுகம் செய்தது. வடிவமைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலாட்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், வண்டலூர் பக்கத்திலிருந்த தன் ஆலையில் இதை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. அம்பாஸடர், ஃபியட் காலத்தில் தெற்கில் வாழ்ந்த பலருக்கு இதுதான் ‘ஸ்டைல்’ கார். பிற்பாடு வந்த நான்கு கதவு மாடல் இந்தியாவுக்கென்றே உருவானது.

இதே ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கி, இங்கிலாந்தில் 1962-ல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. பெயர் ‘ஸ்பிட்ஃபயர்’. வடிவமைத்தவர் அதே மிக்கெலாட்டி. இன்ஜின் அதே குடும்பம். ஆகவே ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கு வரும் தலைவலியும் ஹெரால்டு வைத்திருப்பவருக்கு வரும் தலைவலியும் பெரும்பாலும் ஒன்றுதான். அதில் முதலாவது, தண்ணீர் கொதிப்பது.

வண்டலூர் ஆலையில் 1988-லேயே கார் தயாரிப்பு நின்றுவிட்டது. இன்ஜின் ஒருமுறை தண்ணீரில்லாமல் காய்ந்து, சிலிண்டர் ஹெட் வளைந்தாலோ விரிசல் விட்டாலோ, ஷோரூமுக்குப் போய்ப் புதிது கேட்க முடியாது. தாத்தா வாங்கி, அப்பா ஓட்டி, இன்று பேரன் கையில் இருக்கும் ஒரு வண்டி, சாலையோரத்தில் பத்து நிமிட அலட்சியத்தில் முடிந்துபோகலாம். அதைத் தடுக்க உதவும் எளிய வழிகளில் ஒன்று, ஒரு பிளாஸ்டிக் டப்பா.

ஒரு டம்ளர் தண்ணீர் எங்கே போகிறது?

சூடானால் தண்ணீர் விரியும். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தொடும்போது சுமார் 4 சதவிகிதம் பெருக்கும். சின்ன கார் ஒன்றின் இன்ஜினிலும் ரேடியேட்டரிலும் 5 லிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் தண்ணீருக்கு உள்ளே இடம் இல்லாமல் போகும்.

பழைய ஹெரால்டில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ரேடியேட்டர் மூடியின் கழுத்துப் பகுதியிலிருந்து ஒரு சிறிய குழாய் கீழே இறங்கும். அதிகமான தண்ணீர் அதன் வழியே சாலையில் கொட்டிவிடும். அவ்வளவுதான்!

மூடி வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள சமையலறைக்குப் போனால் போதும். குக்கரின் வெயிட் எப்படி ஆவியை அழுத்திப் பிடித்து, 100 டிகிரிக்கு மேல் போனாலும் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் வைக்கிறதோ, அதேபோல ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங்கும் அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் 7 பி.எஸ்.ஐ. என்றால் தண்ணீரின் கொதிநிலை சுமார் 111 டிகிரிக்கு உயரும். 13 பி.எஸ்.ஐ. என்றால் 119 டிகிரி வரை. அந்த அளவையும் தாண்டி அழுத்தம் ஏறினால், ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். தண்ணீர் குழாய் வழியே வெளியேறும்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. இன்ஜின் ஆறும்போது உள்ளிருக்கும் தண்ணீர் சுருங்கும். அப்போது ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப, மூடியின் நடுவிலுள்ள குட்டி வால்வு திறந்து, அதே குழாய் வழியே வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளும். குழாயின் மறுமுனை சாலையைப் பார்த்துத் தொங்கினால், உள்ளே வருவது காற்று. வெளியேறியது தண்ணீர், திரும்பி வந்தது காற்று. அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன், வார்ப்பிரும்பு இன்ஜினின் உட்புறத்தைத் துருப்பிடிக்க வைக்கும். ரேடியேட்டர் தண்ணீர் செம்மண் நிறமாவது அதனால்தான்.

இது வடிவமைப்புக் குறை என்று சொல்லிவிட முடியாது. ரேடியேட்டரின் மேல்பகுதியில் ஓர் அங்குலம் காலியாக விட்டால், விரியும் தண்ணீருக்கு அதுவே போதும் என்பதுதான் அன்றைய கணக்கு. தினமும் காலையில் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்க்கும் ஓட்டுநர் இருந்த காலம் அது. சாலையும் காலியாக இருந்தது.

இன்று அப்படி இல்லை. பண்டிகை விடுமுறை முடிந்த இரவில் பரனூர் சுங்கச்சாவடியில் நிற்கும் வரிசையையும், வார இறுதியில் மாமல்லபுரத்துக்குள் நுழையும் வரிசையையும் நினைத்துப் பாருங்கள். ஹெரால்டில் விசிறி, இன்ஜின் சுழற்சியாலேயே இயங்குகிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். வண்டி நகராமல் நிற்கும் நேரத்தில், காற்று அதிகம் தேவைப்படும்போதுதான், காற்று குறைவாகக் கிடைக்கும். வெப்பம் ஏறும். கொஞ்சம் தண்ணீர் கொட்டும். குறைந்த தண்ணீர் இன்னும் சீக்கிரம் சூடாகும். இன்னும் கொஞ்சம் கொட்டும்.

1961 செய்த மாற்றம்

ஹெரால்டு வண்டலூருக்கு வந்த அதே 1961-ல், பிரான்ஸில் ரெனோ நிறுவனம் ‘ரெனோ 4’ என்ற குடும்பக் காரை வெளியிட்டது. அதில் ஒரு புதுமை. கொட்டும் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தனி பாட்டிலுடன், மூடப்பட்ட குளிரூட்டும் அமைப்பு. அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலை இல்லை. மெல்ல மெல்ல எல்லா கார்களும் அந்த வழிக்கு வந்தன. 1970-களில் வந்த ஸ்பிட்ஃபயர்களிலும் பாட்டில் இடம்பிடித்தது. நம் ஊரில் மாருதி 800 வந்த பிறகு, பானெட்டுக்குள் இருக்கும் வெள்ளை டப்பா எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

ஆக, பழைய காருக்கு டப்பா பொருத்துவது என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அந்தக் காரின் தம்பிகளுக்குக் கிடைத்ததை அண்ணனுக்கும் கொடுப்பதுதான்.

பொருத்துவது எப்படி?

இரண்டு முறைகள் இருக்கின்றன. முதலாவது, அழுத்தம் இல்லாத சாதாரண டப்பா. அழுத்த மூடி ரேடியேட்டரிலேயே இருக்கும். வெளியேறும் தண்ணீரை மட்டும் டப்பா பிடித்துவைத்து, ஆறும்போது திருப்பிக் கொடுக்கும். இரண்டாவது, இன்றைய பல கார்களில் இருப்பது போல அழுத்தம் தாங்கும் டேங்க். அங்கே அழுத்த மூடி டேங்கின் தலையில் இருக்கும். டேங்க் முழு அமைப்பிலும் உயரமான இடத்தில் அமர வேண்டும். தண்ணீரில் கலந்த காற்றைப் பிரித்தெடுக்கத் தனிக் குழாய், பம்புக்குத் திரும்ப இன்னொரு குழாய் எல்லாம் வேண்டும். ஹெரால்டு போன்ற வண்டிக்கு முதல் முறையே போதும்.

டப்பா: அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கொள்ளளவு போதும். மாருதி 800 போன்ற வண்டிகளின் டப்பா உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் பழையதே கிடைக்கும். அடியில் விரிசல் இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்க வேண்டும்.

மூடி: பலர் தவறுவது இங்கேதான். பழைய மூடியையே வைத்துக்கொண்டு டப்பாவை மட்டும் மாட்டினால், தண்ணீர் போகும், திரும்பி வராது. மூடியின் மேல்விளிம்பிலும் ஒரு ரப்பர் வளையம் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். அது இருந்தால்தான் கழுத்து வழியாகக் காற்று நுழையாமல், டப்பாவிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்படும். மூடியின் உள்நீளம் ரேடியேட்டர் கழுத்தின் ஆழத்துக்குப் பொருந்த வேண்டும். குட்டையான மூடி, அழுத்தத்தைப் பிடிக்கவே பிடிக்காது. ‘கூடுதல் அழுத்தம் நல்லதுதானே’ என்று 7 பி.எஸ்.ஐ. இருந்த இடத்தில் 15 போட்டால், வயதான ரேடியேட்டரின் ஈயப் பற்றும் ஹோஸும் பதில் சொல்லிவிடும்.

குழாய்: ரேடியேட்டர் கழுத்திலிருந்து வரும் குழாய், டப்பாவின் அடிவரை போய்த் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே தொங்கினால் மறுபடியும் காற்றைத்தான் இழுக்கும். இரு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். டப்பாவின் மூடியிலுள்ள சிறு துளையை அடைக்கக் கூடாது.

இடம்: சைலன்சர் பக்கச் சூட்டிலிருந்து தள்ளி, ரேடியேட்டருக்கு அருகில். ஹெரால்டின் பானெட் முழுவதும் திறப்பதால் கை நுழைய இடம் தாராளம். புதிதாகத் துளை போடாமல், ஏற்கெனவே இருக்கும் போல்ட்டில் ஒரு பட்டை வைத்து மாட்டினால் நல்லது. கண்காட்சியில் ஒரிஜினல் நிலையில் நிறுத்த வேண்டுமா? கழற்றி வைத்துவிடலாம்.

கடைசியாக, ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி நிறுத்த வேண்டும். இரவு முழுக்க ஆறியதும் காலையில் பார்த்தால், டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கும். உள்ளிருந்த காற்று வெளியேறி, அந்த இடத்துக்குத் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி ஊற்றி, இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகு மட்டம் நிலைக்கும்.

டப்பா மருந்து அல்ல

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டப்பா இன்ஜினைக் குளிர்விக்காது. ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ, தெர்மோஸ்டாட் சிக்கியிருந்தாலோ, வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலோ வண்டி கொதிக்கத்தான் செய்யும். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் டப்பாவில் விடாமல் குமிழ் வரும். சில சமயம் எண்ணெய்ப் படலமும் மிதக்கும். முதலில் இவற்றைச் சரிபார்த்துவிட்டே டப்பாவுக்கு வர வேண்டும்.

ஆனால், டப்பா ஒரு நல்ல சாட்சி. முன்பு சாலையில் கொட்டி மறைந்த தண்ணீர், இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. மட்டம் நிலையாக இருந்தால் இன்ஜின் நலம். வாரா வாரம் குறைந்தால் எங்கோ கசிவு.

ஊற்றும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அந்தத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிவு சேர்க்கும், துருவையும் விரைவுபடுத்தும். டிஸ்டில்டு வாட்டருடன் கூலன்ட் கலந்து ஊற்றுவதே சரி. செம்பு, பித்தளை ரேடியேட்டர் கொண்ட பழைய வண்டிக்கு ஏற்றது எது என்று கேட்டு வாங்க வேண்டும். வெவ்வேறு வகை கூலன்ட்டுகளைக் கலக்கக் கூடாது.

எல்லா வீட்டுக்கும் மூன்று எச்சரிக்கைகள்

பழைய காரோ புதிய காரோ, வண்டி இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்ட அடுத்த நொடி, 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் ஆவியாக வெடித்து முகத்தில் அடிக்கும். துணி சுற்றித் திறந்தாலும் ஆபத்துதான். இன்ஜினை நிறுத்தி, கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். காய்ந்த இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைச் சட்டென ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

இரண்டு, யாருக்காவது பட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். முகத்திலோ கண்ணிலோ பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனை.

மூன்று, பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், கடும் நச்சு. மிச்சத்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தினால் நாய், பூனை நக்கும் முன் கழுவி விடுங்கள். குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சுமார் 30 கி.மீ. அறுபது வயது ஹெரால்டுக்கு அது பெரிய தூரமே இல்லை. கிளம்பும் முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பானெட்டைத் தூக்கி டப்பாவின் மட்டத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் தினமும் காலையில் செய்த அதே வேலைதான். மூடியைத் திறக்க வேண்டியதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.