வாசக டி-சர்ட்

வாசக டி-சர்ட் என்பது மார்பிலோ முதுகிலோ ஒரு சொற்றொடர், பெயர் அல்லது உருவப்படம் அச்சிடப்பட்ட பின்னலாடை ஆகும். பேச்சு வழக்கில் இது பனியன் என்றும் அழைக்கப்படுகிறது. அணிபவர் வாய் திறக்காமலேயே தம் ஊர், விருப்பம், கொள்கை, கோபம் ஆகியவற்றை அறிவிக்க இது உதவுகிறது. அணிபவரையும் அணியும் இடத்தையும் பொறுத்து ஒரே வாசகம் வேடிக்கையாகவோ, போராட்டமாகவோ, விதிமீறலாகவோ கொள்ளப்படலாம். தமிழகத்தில் 2017க்குப் பிறகு நடந்த சில நிகழ்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

தோற்றம்

டி-சர்ட் முதலில் உள்ளாடையாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் தாமஸ் டூயியின் பெயர் பொறித்த டி-சர்ட்டுகள் பரப்புரைக்குப் பயன்பட்டன. 1984இல் ஆடை வடிவமைப்பாளர் கேத்தரின் ஹாம்னெட், பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரை ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் சந்தித்தார். பெர்ஷிங் ஏவுகணைகளை 58 விழுக்காட்டினர் விரும்பவில்லை என்ற வாசகம் பெரிய எழுத்துகளில் அவரது சட்டையில் இருந்தது. இருவரும் கைகுலுக்கும் படம் உலகெங்கும் பரவியது. தொலைவிலிருந்தும் படத்திலும் படிக்கத்தக்க பெரிய எழுத்து, குறைந்த சொற்கள் என்னும் அமைப்பு இவ்வகை ஆடைக்கு இலக்கணம் போலாயிற்று.

தமிழகத்தில் முன்னோடிகள்

கருத்தை உடையால் உணர்த்துவது தமிழகத்துக்குப் புதிதன்று. பெரியார் 1945இல் கருஞ்சட்டைப் படையைத் தொடங்கினார். 1948இல் சென்னை மாகாண அரசு அதற்குத் தடை விதித்தது. அச்சட்டையில் எழுத்து எதுவும் இல்லை. நிறமே வாசகமாக இருந்தது. காவிரி டெல்டா விவசாயிகள் போராட்டங்களில் தோளில் அணியும் பச்சைத் துண்டும் இவ்வகையைச் சேர்ந்ததே.

துணியில் உருவம் தீட்டும் மரபும் இப்பகுதியில் பழையது. தஞ்சாவூர் மாவட்டம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கான தொம்பை, தோரணம், மேற்கட்டி ஆகியவை கலம்காரி முறையில் வரையப்படுகின்றன. இம்மரபைச் சேர்ந்த கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

டெல்டாவில் இன்று

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் வாசக டி-சர்ட்டை இரு வகையாகக் காணலாம். முதல் வகை ஊர் சார்ந்தது. கபடிக் குழு, கோயில் திருவிழா, நடிகர் ரசிகர் மன்றம், நண்பர்கள் குழு ஆகியவற்றின் பெயருடன், செலவை ஏற்றவரின் பெயரும் இதில் இடம்பெறும். ஒரே நிறச் சட்டை அணிந்த இருபது பேர் ஒரு குழுவாகத் தெரிவதே இதன் நோக்கம்.

இரண்டாம் வகை கொள்கை சார்ந்தது. 2017 சனவரியில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது காளை உருவம் பொறித்த டி-சர்ட்டுகள் இளைஞரிடையே பரவின. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் உருவப்படமும் இவ்வாறே இடம்பெறுகிறது. அவர் 1938இல் தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்தார். டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பரப்புரை செய்து வந்த காலத்தில், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். மேற்சட்டை அணியாமல் துண்டு மட்டும் போர்த்தி வாழ்ந்தவரின் முகம் இன்று சட்டைகளில் காணப்படுகிறது. வயலையும் தண்ணீரையும் காக்க வேண்டும் என்ற கருத்தை எழுத்தின்றியே அம்முகம் சொல்லிவிடுகிறது. தலைப்பாகையும் மீசையும் கொண்ட பாரதியார் கோட்டோவியமும் அத்தகையதே.

'இந்தி தெரியாது போடா'

2020 ஆகஸ்டில், சென்னை விமான நிலையத்தில் இந்தி தெரியாது என்று கூறியபோது பாதுகாப்புப் படை அலுவலர் ஒருவர் 'நீங்கள் இந்தியரா' என்று கேட்டதாக மக்களவை உறுப்பினர் கனிமொழி தெரிவித்தார். அடுத்த மாதம் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் வாசக டி-சர்ட் அணிந்து படம் வெளியிட்டனர். ஒன்றில் 'ஐ ஆம் எ தமிழ் பேசும் இந்தியன்' என்றும், மற்றொன்றில் 'இந்தி தெரியாது போடா' என்றும் இருந்தது. இதே வாசகங்களைக் கேட்டுத் திருப்பூர்ப் பனியன் நிறுவனங்களுக்கு ஆர்டர்கள் குவிந்தன.

இரண்டு வாசகங்களும் ஒரே நிகழ்வுக்கான மறுமொழி என்றாலும் தொனியில் வேறுபடுகின்றன. முதலாவது, தமிழும் ஆங்கிலமும் கலந்து தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. இரண்டாவது எதிரில் இருப்பவரை விளிக்கிறது. தமிழில் 'டா' என்னும் விளி நெருக்கத்தையும் குறிக்கும், அவமதிப்பையும் குறிக்கும். நண்பர்களிடையே சிரிப்பூட்டும் அச்சொல், அறிமுகமற்றவரின் கண்ணில் படும்போது மரியாதைக் குறைவாகலாம். அதன் வேகத்துக்கும் அதற்கு எழுந்த கண்டனத்துக்கும் காரணம் இதுவே.

அச்சும் எழுத்தும்

அதிக எண்ணிக்கைக்குத் திரை அச்சு முறை பயன்படுகிறது. சட்டகத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் எழுத்து வடிவம் மட்டும் திறந்திருக்க, அதன் வழியே மை துணியில் இறங்குகிறது. நிறம் ஒன்றுக்கு ஒரு சட்டகம் தேவை. ஆகவே நிறங்கள் கூடினால் செலவும் கூடும்.

தமிழ் வாசகங்களில் இருவகைப் பிழைகள் மிகுதி. ஒருங்குறியைச் சரிவரக் கையாளாத மென்பொருளில் கொம்புகளும் கால்களும் இடம் மாறும். எழுத்து சிறிதானால் புள்ளி அடைபட்டு மறையும். 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். எழுத்துருவை வரைகோட்டு வடிவமாக மாற்றி அனுப்புவதும், முதல் பிரதியைத் தமிழ் அறிந்தவர் படித்துப் பார்ப்பதும் இப்பிழைகளைத் தவிர்க்கும்.

எங்கே அணியலாம்?

தமிழக அரசு 2019இல் தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு உடை விதிகளை வெளியிட்டது. துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் அரசு விழாக்களில் உதயசூரியன் சின்னம் பொறித்த டி-சர்ட் அணிவது முறையல்ல என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. டி-சர்ட் முறைசாரா உடைதானா, அந்த விதி துணை முதலமைச்சருக்குப் பொருந்துமா என்ற கேள்விகள் அங்கு எழுந்தன.

2025 மார்ச் 20 அன்று தி.மு.க. உறுப்பினர்கள் தொகுதி மறுவரையறை தொடர்பான வாசகம் பொறித்த டி-சர்ட்டுகளுடன் நாடாளுமன்றத்துக்கு வந்தனர். அது அவை விதிகளுக்கு முரணானது என்று மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா கூறி அவையை ஒத்திவைத்தார்.

சாலையிலும் கல்லூரி விடுதியிலும் இத்தகைய டி-சர்ட்டை யாரும் தடுப்பதில்லை. அவைக்குள் அதே உடை பதாகைக்கு ஒப்பாகக் கருதப்படுகிறது. பதாகையைக் கீழே வைத்துவிடலாம். வாசகம் உடையாகிவிட்டால் அணிந்தவரையே வெளியேறச் சொல்ல வேண்டியிருக்கும். வாசக டி-சர்ட்டின் வலிமையும் அது எழுப்பும் சிக்கலும் இதில் அடங்கியுள்ளன.