கட்டை மாறலாம், தாளம் மாறக் கூடாது

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு கல்யாண மண்டபம். மைக்கைப் பிடிக்குமுன் பாடகர் கீபோர்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்கிறார்: "அண்ணே, தொண்டை சரியில்ல. அஞ்சு கட்டை வேணாம், நாலுல வச்சிக்குவோம்." பின்னணி முழுவதும் மடிக்கணினியில் மிடி கோப்பாகத் தயாராக இருக்கிறது. கட்டையை இறக்கியதும் வயலின், புல்லாங்குழல் எல்லாம் ஒழுங்காக இறங்குகின்றன. தாளம் மட்டும் குழம்பிவிடுகிறது.

காரணம், மிடியில் ஒலியே கிடையாது. எந்த விசை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக அமுக்கப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற குறிப்புகள்தாம் உண்டு. 1983 ஜனவரியில் கலிபோர்னியா இசைக்கருவிக் கண்காட்சியில் ரோலண்ட் கருவியும் சீக்வென்ஷியல் கருவியும் ஒரே கம்பியில் பேசிக்கொண்ட நாளிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண். அஞ்சிலிருந்து நாலு கட்டைக்கு இறங்க, எல்லா எண்ணிலும் இரண்டைக் கழிக்க வேண்டும். ஆனால் டிரம்ஸுக்கென ஒதுக்கிய 10ஆம் சேனலில் எண் என்பது சுரமல்ல, கருவி. 38 ஸ்நேர், 36 கிக். இரண்டைக் கழித்தால் ஸ்நேர் விழ வேண்டிய இடத்தில் கிக் விழும்.

10ஆம் சேனலைத் தானாக விட்டுவிடும் மென்பொருள்கள் உண்டு. நமக்கு அது போதாது. தபலா, டோலக், உறுமி ஒலிகளை வேறு சேனல்களில் ஏற்றி வைப்பது நம் குழுக்களின் வழக்கம். எந்த டிராக் கட்டை மாறக் கூடாது என்று வாசிப்பவரே பூட்டி வைக்க முடிய வேண்டும்.

உறுமி என்றதும் அடுத்த தேவை வந்துவிடுகிறது. கெடாவின் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்த பையனுக்குத் திஸ்ர நடை கையிலேயே இருக்கும். அவன் பேடில் தட்டிப் பதிவு செய்ததை மென்பொருளின் 'குவாண்டைஸ்' எனும் நேரம் திருத்தும் வசதி என்ன செய்கிறது? ஓர் அட்சரம் 480 டிக் (மிடியின் நேர அலகு) என்றால், மூன்றாகப் பிரியும் நடையில் தட்டுகள் 0, 160, 320இல் விழும். மென்பொருளோ அட்சரத்தை நான்காகப் பிரித்து 120, 240, 360 என்று கோடு போட்டு வைத்திருக்கும். 160ஐ 120க்கும் 320ஐ 360க்கும் இழுத்துவிடும். தப்பைத் திருத்துகிறேன் என்று நடையையே கொன்றுவிடுகிறது. மூன்றின் கோடுகள் வேண்டும். பாதியளவு மட்டும் இழுக்கும் வசதியும் வேண்டும். 30 டிக் தாமதமாக விழுந்தது 15க்கு வந்தால் போதும். மிச்சம் வாசித்தவன் கைக்குச் சொந்தம். அதைவிடச் சிறந்தது, நல்ல உறுமிக்காரர் ஒருவரின் வாசிப்பிலிருந்தே தட்டுகளின் இடைவெளிகளை எடுத்து மற்ற டிராக்குகளுக்கும் போடும் வசதி. நடையை நேசிப்பவர் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது கமகம். நாதஸ்வரப் பிடி ஒன்றைக் கீபோர்டில் கொண்டுவர, 'பிட்ச் பெண்ட்' சக்கரத்தை உருட்டுகிறோம். அது 0 முதல் 16383 வரை எண்களாகப் பதிவாகிறது, நடுநிலை 8192. அந்த வளைவு சுரத்தோடு ஒட்டியிருப்பதில்லை, சேனல் முழுவதற்கும் பொது. அதனால் சுரத்தை மட்டும் பிடித்து அரை அட்சரம் தள்ளினால் கமகம் பழைய இடத்திலேயே நின்றுவிடும். வளைவு 8192க்குத் திரும்பாவிட்டால் அடுத்து வரும் சுரமும் சுருதி பிசகும். கோர்டும் அதே சேனலில் இருந்தால், நாதஸ்வரம் அசையும்போதெல்லாம் அதுவும் கூடவே ஆடும்.

சுரத்துக்குச் சுரம் தனி சேனல் கொடுக்கும் எம்பிஇ முறை 2018இல் தரமாக ஏற்கப்பட்டது. 2020இல் அறிமுகமான மிடி 2.0 ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வளைவையே தருகிறது. மண்டபத்துக் கீபோர்டுகளில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஆகவே மென்பொருள் வாங்குமுன் ஒரு சோதனை: கமகத்தோடு இரண்டு சுரம் வாசித்துப் பதிந்து, முதலாவதை நகர்த்திப் பாருங்கள். வளைவும் கூடவே வந்தால் வாங்கலாம்.